இருபது பைசாக் கல்

போன மாதம் வாங்கிய கோட்டைப் பெட்டியின் மேல் 1,500 கல் என்று போட்டிருந்தது. விலை பதினைந்தாயிரம். கல்லுக்குப் பத்து ரூபாய். கொட்டி எண்ணினேன். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் 386 கல், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைப் பருப்பில் பாதிகூட இல்லை. கோட்டைச் சுவரில் வரவேண்டிய சித்திரங்களைக் கல்லிலேயே அச்சடித்துத் தராமல் 31 ஸ்டிக்கராகக் கொடுத்திருந்தார்கள். பத்து ரூபாயும் வாங்கிக்கொண்டு, நடுங்கும் கையால் ஒட்டும் வேலையையும் என் தலையிலேயே கட்டுகிறார்கள்.

மேலே குமிழும் அடியில் குழியுமாக, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கல்லைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் சாமான் என்பார்கள். நான் இருக்கும் வாட்ஸப் குழுவில் 64 பேர். ஒருவர்கூடப் பிள்ளை இல்லை. மேலே உள்ள குறைகளை அங்கே எழுதினேன். சென்னைக்காரர் ஒருவர் பதில் போட்டார்: “சார், எல்லாத்தையும் கல்லால வகுக்காதீங்க. டிசைனைப் பாருங்க.” அவருக்குப் பத்தொன்பது கட்டைவிரல். எனக்கு இரண்டு. அதில் ஒன்று நானே கைதவறிப் போட்டது.

வகுக்கக் கூடாது என்பதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வயதில் ஒரு தரம் மிகச் சரியாக வகுத்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கல்லை எனக்கு அறிமுகம் செய்தவர் அப்பாவின் தம்பி. விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்து தினமும் ரயிலில் போய்வந்தார். வயது முப்பத்திரண்டு. பீடி, குடி, சீட்டு மூன்றும் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. சம்பளம் வந்த வாரம் புதுச்சேரிக்குப் பஸ் ஏறி, சீமைச் சாமான் விற்கும் ஒரு கடையில் கல் பெட்டி ஒன்று வாங்கிவந்துவிடுவார்.

அவருக்கு ஒரே கூட்டாளி, செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் மல்லாட்டை வியாபாரம் செய்த நயினார். அவரிடமும் இரண்டு டின் கல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வருவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது சமணர்களான அவர்கள் வழக்கம் என்பதால் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். இடைப்பட்ட மூன்று மணி நேரமும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

“பொட்டியப் பாருய்யா, இம்மாம் பெருசு. உள்ள பாதி காத்து. காத்துக்கும் சேத்துல்ல காசு புடுங்குறான்.”

“காத்து போவட்டும் நயினாரே. இந்தக் கூரைக் கல்லப் பாருங்க. இந்தக் கூரைய உட்டா வேற எதுக்கும் ஆவாது. கல்லுன்னா நாலு எடத்துல நிக்கணும். ஒரே எடத்துல நிக்கிற கல்லுக்குக் காசு குடுக்கறது தண்டம்.”

எண்ணுவது என் வேலை. பெட்டி பிரித்ததும் எண்ணி, விலையை வகுத்து, நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன். “டேய், கல்லுக்கு எவ்ளோடா வருது?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். நான் சொல்லும் வரை மூச்சுவிட மாட்டார்கள். விலைதான் ஒரு பொருளுக்குக் கௌரவம் என்று நான் நினைத்துக்கொண்டதில் என் தவறு அதிகம் இல்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்தத் தை மாதம் சித்தப்பாவுக்குக் கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். போய்வந்த பிறகு சித்தப்பா இரண்டு நாள் டின்னைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தார். உள்ளே ஒரு வீடு. அதற்குத் திறந்து மூடும் பச்சைக் கதவு ஒன்று. நயினார் கதவைக் கையில் எடுத்துத் திறந்தார், மூடினார்.

“இன்னாய்யா இது? கதவு கதவாதான இருக்கும். நாலு எடம் இன்னா ஆச்சு?”

“இருக்கட்டும் நயினாரே,” என்றார் சித்தப்பா. காது சிவந்திருந்தது.

கதவோடு சேர்த்துச் சித்தப்பாவிடம் இருந்த மொத்தக் கல் 2,060. மொத்த விலை 412 ரூபாய். வகுத்தால் கல்லுக்கு இருபது பைசா, மீதியே இல்லை. அப்படி ஒரு கணக்கு அமைந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சித்தப்பா சம்பளத்தில் அது எத்தனை மாதம் என்று யாரும் வகுக்கச் சொல்லவில்லை. நானும் வகுக்கவில்லை.

பேச்சு முடிந்தது போலத்தான். பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி. பெண்ணின் தகப்பனார் செங்கல் சூளை வைத்திருந்தார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் அப்பா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“நாளைக்கு இந்த எழவு ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது. முப்பத்திரண்டு வயசு ஆம்பள பொம்மை வெச்சிக்கினு ஆடுறான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?”

டின்கள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போயின. பீரோ மேல் இருந்த ரயில் நிலையத்தை மட்டும் நகர்த்த முடியவில்லை. ஆறு மாதமாகச் சித்தப்பா கட்டியது. மூன்றடி நீளம், இரண்டு பிளாட்பாரம். பிரிக்க வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். சரி, பையனுடையது என்று சொல்லிவிடலாம் என்றார் அப்பா. “கேட்டா உன்னுதுன்னு சொல்லு, இன்னா?” நான் தலையாட்டினேன்.

ஏழு பேர் வந்தார்கள். சூளைக்காரர் முதலில் எங்கள் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

“இது இன்னாங்க, டேஷனாட்டம் கீதே?”

“பையன் வெளையாட்டு சாமானுங்க. திருவிழாவுல வாங்குனது,” என்றார் அப்பா.

“ஷோக்காதான் கீது. ரெண்டு மூணு ரூபா இருக்குமா?”

“அவ்ளோதாங்க இருக்கும்.”

விஷயம் அங்கே முடிந்துவிட்டது. அம்மா உள்ளே ஏழு டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். சூளைக்காரர் அடுத்து கிணற்றைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். கதவோரம் நின்ற சித்தப்பாவின் தோள் தளர்ந்து இறங்கியது. என்னுடையது என்ற பொய்யை நான் காப்பாற்றியிருப்பேன். ஆனால் மூன்று ரூபாயா? மூன்று ரூபாய்க்குப் பதினைந்து கல் வரும். பதினைந்து கல்லில் பிளாட்பாரத்து விளிம்புகூட முடியாது.

“இல்லீங்க,” என்றேன். “இதுல மட்டும் ஆயிரத்து நூத்தி நாப்பது கல்லு. எரநூத்தி இருவத்தெட்டு ரூபா. நெல்லு மூட்டைக்குப் பின்னால இன்னும் தொள்ளாயிரத்து இருவது கல்லு இருக்குது. மொத்தம் நானூத்தி பன்னெண்டு ரூபா. எல்லாம் எங்க சித்தப்பா வாங்குனது. ஒரு கல்லு இருவது பைசா.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

சூளைக்காரர் கோபப்படவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஒரு கல்லைப் பிய்த்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து எடை பார்த்தார்.

“எங்க சூளையில ஆயிரம் கல்லு அறுவது ரூபா. ஒரு கல்லு எவ்ளோ தம்பி?”

“ஆறு பைசா.”

“நானூத்தி பன்னெண்டு ரூபாய்க்கு?”

கண்ணை மூடிக்கொண்டேன். “ஆறாயிரத்து எட்நூத்தி அறுவத்தாறு கல்லு. நாலு பைசா மீதி.”

“ஒரு ரூம்புக்கே சொவரு எழுப்பிடலாம்,” என்றார், சித்தப்பாவைப் பார்த்து. பிறகு என் தலையைத் தடவினார். “கெட்டிக்காரப் புள்ள.”

பெருமையாகச் சித்தப்பா பக்கம் திரும்பினேன். அவர், சூளைக்காரர் நகத்தால் சுரண்டிய இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரமாகிவிட்டது, வெயிலுக்கு முன் போகவேண்டும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஏழு பேரும் கை நனைக்காமல் எழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால் அதற்குப் பிறகு சொல்லி அனுப்ப ஒன்றும் இருக்காது. ஏழு டம்ளர் காபி அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு அதில் இரண்டு டம்ளர் கிடைத்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. சித்தப்பாவைத்தான் தெருவுக்குக் கேட்கும்படி திட்டினார். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு வந்த நயினாரை வாசலிலேயே நிறுத்தி, “இனிமே இந்தப் பேஜாரு வாணாங்க,” என்றார். பொழுது சாய அவ்வளவு நேரம் இருக்கும்போது நயினார் திரும்பிப் போவதை அன்றுதான் பார்த்தேன். பிறகு பேசிய இரண்டு இடங்களும் சூளைக்காரரிடம் விசாரித்துவிட்டு நின்றுபோயின. மூன்றாவது இடம் பார்க்கச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. கடைசிவரை சம்மதிக்கவில்லை.

நயினார் திரும்பிப் போன அன்று சாயங்காலம் சித்தப்பா ரயில் நிலையத்தைப் பீரோவிலிருந்து இறக்கினார். பிளாட்பாரம், கூரை, டிக்கெட் ஜன்னல் என்று ஒவ்வொரு கல்லாகப் பிரித்து டின்களில் போட்டு என்னிடம் தள்ளினார். “எல்லாம் உனுக்குதான்டா.”

நம்ப முடியாமல் இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் 2,059. நோட்டில் 2,060-க்குக் கீழே அதையும் எழுதினேன். பச்சைக் கதவு இல்லை.

“ஒண்ணு குறையுது சித்தப்பா.”

“எங்கனா விழுந்திருக்கும்.”

மூட்டைகளுக்கு அடியில் தேடினேன். பீரோவுக்குப் பின்னால் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவினேன். ஐந்து நாள், அவர் ரயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் போய் நின்று கேட்டேன். கணக்கு நேராக வேண்டும் சித்தப்பா, நோட்டில் 2,060 என்று எழுதியிருக்கிறது சித்தப்பா. அவர் கால் கழுவப் போய்விடுவார்.

ஆறாம் நாள் கால் கழுவப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ரயில் பாஸை எடுத்தார். பாஸுக்குப் பின்னால் கதவு இருந்தது. அதை ஒரு தரம் திறந்தார். மூடினார். என் உள்ளங்கையில் வைத்தார்.

“இப்ப சரியா வருதா?”

“வருது சித்தப்பா,” என்றேன்.

கதவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆறு நாள் என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. உள்ளே ஓடி நோட்டை எடுத்து, 2,059 என்றிருந்ததை அடித்துவிட்டு 2,060 என்று எழுதினேன். பெரிய ஆளை மடக்கிவிட்ட திருப்தியில், அன்று ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.