முதல் அடியை மறைத்தவள்

கூடத்திலிருந்து தப், தப், தப் என்று மூன்று முறை கேட்டது. அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம்.

அடுப்பில் பொங்கிய பாலை அப்படியே விட்டுவிட்டு அக்கா ஓடினாள். கூடத்து நடுவில், பூசணி என்று அக்கா செல்லமாகக் கூப்பிடும் குட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். சோபாவுக்கும் அவளுக்கும் இடையே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பதினேழு மாதத்துக் குழந்தை முதல் முறையாகத் தானே நடந்திருந்தாள். என்ன சாதித்தோம் என்று தெரியாமல் நாலு பல் தெரியச் சிரித்தாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாரி எடுத்து உச்சி முகர்ந்தாள்.

"நடக்கலடி நீ, தெரியுதா? இன்னும் நடக்கவே இல்ல. சாயங்காலம் உங்கம்மா முன்னாடிதான் முதல் தடவையா நடக்கப் போறே."

கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பதினெட்டு வருடமாகத் தெருப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அவள் கடைப்பிடித்த தொழில் தர்மம் அதுதான்.

ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரே அச்சில் வார்த்தது போல வரிசை வீடுகள். காலை ஏழரை மணிப் பேருந்து பாலத்தைத் தாண்டிவிட்டால் தெரு வெறிச்சோடிவிடும். எல்லாருக்கும் வேலை எதிர்க்கரையில்; அவர்கள் பெற்ற பிள்ளைகள் மட்டும் அக்கா வீட்டுக் கூடத்தில். மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்காத வயிற்றுக்காரி அவள். தெருப் பிள்ளைகள்தான் அவளுக்கு மருந்து. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தாயிடம், "உங்க பையன் இன்னைக்கு அம்மான்னு சொன்னான்" என்று ஆசை ஆசையாகச் சொன்னாள். அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை. "யாரைப் பாத்துச் சொன்னான்?" என்று கேட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றோடு அக்கா வாயைத் தைத்துக்கொண்டாள். பல் முளைத்தாலும் சரி, பேச்சு வந்தாலும் சரி, பெற்றவள் கண்டுபிடிக்கும்வரை இவளுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலையில் அவர்கள் ஓடி வந்து சொல்லும்போது, "அட, நிஜமாவா!" என்று வாயைப் பிளப்பாள்.

பூசணியிடம்தான் அது பலிக்கவில்லை.

பூசணியின் அம்மாவுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. அவள் வந்து தூக்கும் நேரத்தில் குழந்தை தூங்கி வழியும். விடுமுறை நாளில் அம்மா இடுப்பை விட்டு இறங்கவே இறங்காது. ஒரு வாரம் ஓடிவிட்டது.

"இவ வயசுப் பிள்ளைங்க எல்லாம் ஓடுதுங்கக்கா. இவளுக்குக் காலுல ஏதாவது..."

"சீச்சீ, வாயைக் கழுவும்மா. இன்னைக்கோ நாளைக்கோ நடந்துருவா பாரு."

அந்தப் பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். இடுப்பு எலும்பைப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். மறுநாள் அந்தப் பிஞ்சுக் கைகளில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து அக்கா அவற்றைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அடுத்த தெருவில் புதிதாகக் காப்பகம் வந்ததிலிருந்து மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக அங்கே போய்விட்டிருந்தன. மிச்சம் இவள் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் இவளும் போய்விடுவாள். திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டாள்.

படகு மெக்கானிக்கான கணவனிடம் மட்டும் சொன்னாள்.

"அடிப்பாவி! நீ நல்ல பேர் வாங்குறதுக்கு ஊசி குழந்தைக்கா?"

"நாளைக்கு அவங்கம்மா முன்னாடி கண்டிப்பா நடந்துருவா, பாருங்க."

அவள் சொன்ன அந்த நாளை வரவே இல்லை; அதற்குள் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. இன்னொரு டாக்டரிடம் காட்டுவதற்காக அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வந்து நின்றாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். பூசணி ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலிலிருந்து சமையலறை வரை ஜம்மென்று நடந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு வாரமாச்சும்மா" என்றான்.

"நீதாம்மா முதல்ல பாக்கணும்னு..." என்று அக்கா தடுமாறினாள்.

"எனக்குப் பிச்சை போட்டீங்களா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாலு ஊசி. நான்தான் அவ கையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அம்மா அம்மான்னு அலறுனா. விடாம பிடிச்சுக்கிட்டேன்."

"மன்னிச்சிரும்மா. தெரியாம..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பெத்திருந்தால்ல தெரியும். ஒண்ணுகூட ஏன் தங்கலைன்னு இப்பத்தான் புரியுது."

அக்கா கணவனைப் பார்த்தாள். மூன்று முறையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் அவன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, "குழந்தை பையை எடுத்துக் குடு" என்றான்.

அந்தப் பெண் தரையில் மண்டியிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா கண்ணு. அம்மாகிட்ட நடந்து வா."

பூசணி பார்த்தாள். கரண்டியைப் போட்டாள். தத்தித் தத்தி நடந்துவந்து அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. அந்தக் கைகளைப் பார்க்க அக்காவால் முடியவில்லை. புடவையைப் பற்றியிருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பதினெட்டு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் உயராத குரல் உயர்ந்தது.

"போடி சனியனே! போ உங்கம்மாகிட்ட!"

குழந்தையின் உதடு பிதுங்கியது. வீலென்று அலறிக்கொண்டே திரும்பி, ஆறு அடி நடந்து, தாயின் மேல் போய் விழுந்தது. அப்பாடா, இதையாவது கொடுத்துவிட்டோம் என்று அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

அந்தப் பெண் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"எம்பிள்ள எங்கிட்ட வர்றதுக்குக்கூட நீங்க விரட்டி விடணும், இல்ல?"

பையை வாங்கித் தோளில் மாட்டினாள். பூசணி அவள் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டி, "க்கா... க்கா..." என்று கதறினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.