சந்திரமதியின் வலது கை

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் சந்திரமதிக்கு ரத்தம் எடுக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. வேலை அனுமதிக்கான பர்மிட் மெடிக்கல் பரிசோதனைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்கள் வரிசையில் நிற்கும்போதே பின்னால் இருப்பவனிடம் சொல்லிக்கொள்வார்கள்: "அந்தக் கண்ணாடி போட்ட அக்காகிட்டப் போ, வலிக்காது." முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தபடி, "குத்தியாச்சாக்கா?" என்று கேட்பார்கள். "எடுத்தே முடிச்சாச்சு, பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்பாள். அந்தப் பதிலைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கைதான் அவளைத் துப்பாக்கி சுடுதளத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாற்பது வயதில், யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவின் மேற்கே இருந்த ஒரு கிளப்புக்குப் போனாள். ஏர் பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டி, பத்து மீட்டர் தள்ளித் தெரிந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்து முதல் குண்டைச் சுட்டாள். அது எட்டுப் புள்ளி வளையத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாரமெல்லாம் அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கையை மட்டும் கவனித்தால் போதும் என்பது பெரிய ஓய்வாக இருந்தது. எட்டு வருடம் அதை விடவில்லை. ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரரிடமிருந்து அவருடைய பிஸ்டலையே வாங்கிக்கொண்டாள். அனுமதிக் காகிதம் வர மாதக்கணக்கானது. வந்த பிறகும் துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்க வேண்டும், வாசலைத் தாண்டக் கூடாது. அவள் கணவர் பரமசிவம் அதை "வீட்டுக்கே வராத மாப்பிள்ளை" என்று கேலி செய்வார்.

சென்ற பிப்ரவரியில் அவள் புள்ளிகள் இறங்கத் தொடங்கின. அறுபது குண்டுக்கு அறுநூறு புள்ளி. வழக்கமாக ஐந்நூற்று ஐம்பதை ஒட்டி எடுப்பவள் ஐந்நூற்று முப்பத்தெட்டு எடுத்தாள். அடுத்த வாரம் ஐந்நூற்று முப்பத்தொன்று. ஏப்ரலில் ஐந்நூற்றுப் பத்தொன்பது.

துப்பாக்கியில்தான் கோளாறு என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் ரவூப், பழுதுபார்ப்பதிலும் கைதேர்ந்தவர். அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். முதலில் விசை இழுப்பு கனமாக இருக்கிறது என்றாள். அவர் அரைக்கிலோ எடைக்கட்டியைத் தொங்கவிட்டு அளந்து, விதி அனுமதிக்கும் கடைசி அளவுக்குத் தளர்த்திக் கொடுத்தார். பிறகு கைப்பிடி சரியில்லை என்று, அதன் மரத்தை உள்ளங்கைக்கு ஏற்றபடி அரத்தால் ராவி, ராவியது அதிகமாகிவிட்டது என்று மரப்பசை பூசி, அது காய்ந்ததும் மறுபடி ராவினாள். குழல் முனையில் சின்ன எடை ஒன்றைச் சேர்த்தாள், எடுத்தாள். குறிபார்க்கும் பின்குறியை இடமும் வலமும் திருகினாள். நான்கு கம்பெனிக் குண்டுகளை டப்பா டப்பாவாக மாற்றிப் பார்த்தாள். எதிலும் ஓட்டைகள் இலக்கு அட்டை முழுக்கத் தெறித்துத்தான் கிடந்தன.

"பாய், குண்டைத் தள்ளுற காத்து ஒரே சீரா வரலையோ? ஒரு குண்டு வேகமாப் போகுது, ஒன்னு மெதுவா."

"அதுவும் அளந்துட்டேன்க்கா. எல்லாம் ஒரே வேகம்தான்." ரவூப் தாடியைச் சொறிந்தார். "கடைசியா ஒன்னு பாத்துடலாம் லா. இதை வைஸ்ல கட்டிச் சுடுவோம்."

மேசையில் திருகிய இரும்புப் பிடிக்குள் பிஸ்டலை இறுக்கினார். மனிதக் கை படாமல் ஐந்து குண்டுகள் போயின. அட்டை கம்பியில் ஓடி வந்து நின்றது. அதில் ஒரே ஒரு ஓட்டை. ஐந்தும் அதன் வழியாகவே போயிருந்தன.

சந்திரமதி அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அட்டை ஆடியது. அதை ரவூப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"துப்பாக்கி மேல பழி இல்லக்கா" என்றார் அவர், மெதுவாக.

உண்மையில் அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகப் பரிசோதனைக் கூடத்தில் வலது மணிக்கட்டை நோயாளியின் முழங்கையில் ஊன்றிக்கொண்டுதான் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தாள். எப்போது அந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அந்த வாரப் புதன்கிழமை, பூன் லேயில் தங்கிக் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் வெங்கட் என்ற ஊழியர் வந்து உட்கார்ந்தார். கயிறு மாதிரி புடைத்த நரம்பு. கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். சந்திரமதி தவறவிட்டாள். மறுபடி குத்தினாள். ரத்தம் குழாயில் வராமல் தோலுக்கடியில் நீலமாகப் பரவியது.

"சாரிங்க, சாரி."

"பரவால்லக்கா. இன்னொரு கை இருக்குல்ல" என்று அவர் மறுகையை நீட்டினார்.

அந்தப் பெருந்தன்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் அவரை ஒப்படைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். இடது கை நின்றது. வலது கை நிற்கவில்லை. அதை இடது கையால் பிடித்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, வெளியே யாரோ தட்டும்வரை அப்படியே நின்றாள்.

மறுநாள் அவள் பார்க்கப் போன டாக்டர் அனிதா அவளைச் சுருள் வரையச் சொன்னார், தண்ணீரை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு ஊற்றச் சொன்னார். மேசை நனைந்தது.

"பார்க்கின்சன்ஸ் இல்ல, அதுக்குப் பயப்படாதீங்க. இது எசென்ஷியல் ட்ரெமர், கை தானா நடுங்குற வியாதி. ஃபேமிலில யாருக்காச்சும் இருந்துச்சா?"

அப்பாவின் காப்பிக் குவளை தட்டில் கடகடவென்று ஆடுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. குடித்துக் குடித்து நரம்பு கெட்டுவிட்டது என்று உறவு முழுக்கப் பேசியது. அவளும் அதை நம்பித்தான் அவரோடு பேச்சைக் குறைத்திருந்தாள்.

"முழுசாப் போகாது. ஆனா கண்ட்ரோல் பண்ணலாம். இந்த டேப்லட்டைத் தொடர்ந்து எடுங்க. டக்குனு நிறுத்தக் கூடாது, ஓகே?"

மருந்துச் சீட்டில் இருந்த பெயர் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அது இதயத் துடிப்பை மெதுவாக்கிக் கையை அடக்கும் மருந்து. மற்ற எத்தனையோ விளையாட்டுகளில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. துப்பாக்கி சுடுதல் போன்ற குறிபார்க்கும் விளையாட்டுகளில் அது தடை. எந்தக் கிளப் போட்டியிலும் அதைச் சாப்பிட்டுவிட்டு நிற்க மாட்டேன் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். துப்பாக்கி சுடுவதைப் பற்றி டாக்டரிடம் அவள் வாயே திறக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரே வாரத்தில் ஊசி பழையபடி இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் மறுபடி அவளைத் தேடினார்கள். பரமசிவம், "பாத்தியா, சும்மா பயந்துட்டே" என்றார். அவளும் சிரித்தாள். பயிற்சிக்குப் போவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

ஜூன் மாதத்தில் கிளப்புகளுக்கிடையிலான போட்டிக்கு மூன்று பேர் கொண்ட பெண்கள் குழுவைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிறு தகுதிச் சுற்று வைத்தார்கள். போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். சனிக்கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து இறங்கி, பஸ் ஏறிவிட்டாள். எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் குழுவில் இருந்ததில்லை. கை நடுங்கப் போகும் வாழ்நாள் முழுவதற்கும் முன்னால் ஒரே ஒரு காலை, அவ்வளவுதானே என்று பஸ்ஸில் தனக்குத் தானே வக்காலத்து வாங்கினாள்.

அன்று பிஸ்டல் அவள் கையில் நீரில் மிதக்கும் கட்டைபோல அசையாமல் கிடந்தது. முன்குறி பின்குறியின் நடுவில் வந்து உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது. ஐந்நூற்று அறுபத்து மூன்று. அவள் வாழ்க்கையிலேயே அதிகம். மூன்றாவது இடம். நான்காவதாக வந்து குழுவிலிருந்து விழுந்தவள் ஷபானா. பிடோக்கில் பள்ளி ஆசிரியை, ஒரு வருடமாக விடுமுறையே எடுக்காமல் பயிற்சி செய்தவள். இரண்டு புள்ளி வித்தியாசம்.

ஷபானாவின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள். "செம்ம லா அக்கா. யூ டிசர்வ் இட்."

சந்திரமதி பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று பஸ்களை விட்டாள். நான்காவது வந்து கதவைத் திறந்தபோது எழுந்து, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, கிளப்புக்கே திரும்ப நடந்தாள்.

ரவூப் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஷபானா இன்னும் போகவில்லை. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அது தடை என்று தெரிந்தே வந்தது, எல்லாம்.

ரவூப் தலையைக் குனிந்துகொண்டார். ஷபானா தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சே வந்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"நான் உள்ள அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உங்களுக்குக் கை குடுத்தேன்க்கா. அப்பக்கூட நீங்க ஒன்னும் சொல்லலை."

"என்னை மன்னிச்சிடும்மா."

"இப்ப என்னால முடியாது" என்று பையை எடுத்துக்கொண்டு ஷபானா வெளியேறினாள். பிறகும் அவள் மன்னித்ததாகச் செய்தி இல்லை. குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. சந்திரமதியின் புள்ளியைக் கிளப் நிர்வாகம் ரத்து செய்தது. மாத்திரை சாப்பிடும் காலம்வரை எந்தப் போட்டியிலும் நிற்கக் கூடாது என்று கடிதம் வந்தது.

நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள், இம்முறை காரணத்தையும் சொல்லி. டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டிச் சிறிது சிறிதாகக் குறைத்தார். பாதியளவுக்கு வந்ததுமே கை பழையபடி ஆடியது. அந்த வாரம் மேற்பார்வையாளரிடம் தானாகப் போய் ஊசியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ரத்தம் பிடித்த குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வெங்கட்டின் நீலம் பாய்ந்த கை கண்ணிலேயே நின்றது. யாருடைய கையையோ பணயம் வைத்துத் தன் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவு செய்தாள். மாத்திரையை முழு அளவுக்கே கூட்டிக்கொண்டாள்.

"போட்டிதானே கூடாது? சும்மா வந்து சுடுங்கக்கா, யார் கேக்கப் போறா?" என்று ரவூப் போனில் கூப்பிட்டார். ஒருமுறை போனாள். இருபது குண்டு சுட்டாள். பதினேழு குண்டு பத்துப் புள்ளி வளையத்தில் விழுந்தது. அட்டையைப் பார்த்தபோது அது வேறு யாருடையதோ போலிருந்தது. முன்பெல்லாம் ஒரு பத்துக்காக மூச்சை அடக்கி, தோளை இறக்கி, மனதைக் கெஞ்சிக் கொஞ்ச வேண்டியிருந்தது. இப்போது மாத்திரை சுட்டுக்கொடுத்தது. இருபத்தோராவது குண்டை டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

ஆகஸ்டில் பிஸ்டலை வேறொரு உறுப்பினர் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, பயிற்சி தொடங்கும் பத்து மணிக்கு வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. பரமசிவம் மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டார், போனாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது வாரம் மேற்பார்வையாளரிடம், "ஞாயிறு ஷிஃப்ட் யாருக்கும் வேணாம்னா எனக்குக் குடுங்க" என்று கேட்டாள். மற்றவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

முதல் ஞாயிறு நாற்பத்தொரு பேர். ஒருவரையும் இரண்டு முறை குத்தவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள்.

"எப்படிப் போச்சு சந்திரா?" என்றார் பரமசிவம்.

"நல்லாத்தாங்க போச்சு. எல்லாமே சரியாப் போச்சு."

சொல்லிவிட்டு அங்கேயே, வாசற்படிக்குள் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.