செருப்பு வார்

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. ஒவ்வோர் எட்டுக்கும் தொடையைக் கையால் அழுத்தித்தான் நடப்பேன். பள்ளிக்கூடம் போகும்போது பின்னால் வரும் பிள்ளைகள் அதே மாதிரி நடந்து காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அன்றிலிருந்து யாருக்கும் முன்னால் நடந்ததில்லை. கல்யாணமாகி அந்தமானுக்கு வந்தபோதும் கப்பலிலிருந்து கடைசி ஆளாகத்தான் இறங்கினேன்.

இப்போது ஷாதிபூரில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் என்னைச் சும்மா விடுவதில்லை. ஒருத்தி அரசாங்க ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரி. மற்றவள் வங்காளி, இந்தியும் தமிழும் கலந்து பேசுவாள், என்னை அக்கா என்பதற்குத் தீதி என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போவார்கள். நான் பத்தடி பின்னால் வருவேன். கேட்டால், செருப்பு வார் சரியில்லை என்பேன்.

போன மாதம் ஒருநாள் கடல் நன்றாக வற்றி, செத்த பவளப் பாறை வெகுதூரத்துக்குத் தெரிந்தது. இறங்கிவிட்டோம். திருநெல்வேலிக்காரி விறுவிறுவென்று போனாள். பாதி தூரத்தில் வழுக்கிக் குட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அரே, வீட்ல பானி வரலையா? இங்கயே குளிக்கிறே?" என்றாள் வங்காளி.

"சிரிச்சது போதும். கையக் குடுட்டி."

எழுந்த பிறகு இருவருக்கும் கால் எடுத்து வைக்கவே பயம். தண்ணீரும் ஏறத் தொடங்கியது, கரைக்குத் திரும்பியாக வேண்டும்.

"தீதி, நீ ஆகே, முன்னால போ. நீ வெச்ச எடத்துல நாங்க காலு வெப்போம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "நீங்க போங்களேன்."

"போயி மறுபடி உக்காரவா? நீங்க ஒருதடவகூட வழுக்கல. நடங்கக்கா."

நடந்தேன். முதலில் பாதத்தால் தடவுவேன்: பாறை ஆடுகிறதா, பாசியா, உயிருள்ள பவளமா என்று. பிறகு தொடையில் கையை ஊன்றிப் பாரத்தை இறக்குவேன். குட்டையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, பள்ளத்தில் குளிர்ந்தது. ஒரு கடல் அட்டை கிடந்தது, சுற்றிப் போனேன். பின்னாலிருந்து என் நடையைப் பார்க்கிறார்களே என்ற நினைப்பே போய்விட்டது.

சத்தமே இல்லையே என்று திரும்பினேன். இருவரும் குனிந்து, தொடையில் கை ஊன்றி, தடவித் தடவி வந்துகொண்டிருந்தார்கள். என் நடை. அதை முன்னாலிருந்து பார்க்க அசிங்கமாகவே தெரியவில்லை. விழாமல் கரைசேர நினைக்கிற யாரும் அப்படித்தானே நடப்பார்கள்.

"க்யா ஹுவா தீதி?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் நடக்கிறீங்க."

கரையேறியதும் இடது காலை இரண்டு கையாலும் பிடித்து மணல் போகக் கழுவினேன். இத்தனை வருஷம் என்னைச் சுமந்த காலை அவ்வளவு நேரம் நான் தொட்டுப் பார்த்ததே கிடையாது. நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. மனசுக்குள் சொன்னேன், அந்த இருவருக்கும் சேர்த்து.

ரோட்டில் ஏறியதும் வழக்கம்போல நான் பின்தங்குவேன் என்று நின்றார்கள்.

"வார் எப்படி இருக்குக்கா?"

"இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி முன்னால் நடந்தேன்.