கருப்பு மூலைக் கடுதாசி

நாக்கு செத்துப்போன பிறகுதான் முத்தழகுக்குக் கனவில் ருசி வர ஆரம்பித்தது. மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் போதும், எங்கிருந்தோ அதிரசப் பாகு கொதித்து வரும். ஏலக்காய் மணக்கும். தேன்குழல் ஒன்று பல்லுக்கிடையில் பொடிந்து, உப்பும் சீரகமுமாகக் கரையும். விழித்துப் பார்த்தால் வாய் வறண்டு மண்ணாகக் கிடக்கும். "அடுப்பு வேணாம், எண்ணெய் வேணாம், இது நல்ல சமையலாத்தான் இருக்கு" என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

காரைக்குடியில் செட்டியார் வீட்டுக் கலியாணமென்றால் பலகாரச் சட்டிக்கு முன்னால் உட்கார்கிறவள் அவள். சாக்கோட்டைப் பக்கம் இருந்த துண்டு நிலத்தைப் புருஷன் கோட்டைச்சாமி பார்த்துக்கொண்டான். சாமிக்குப் படைக்குமுன் பலகாரம் எதையும் வாயில் போடக் கூடாது என்பதால், பசியை அடக்க இடது கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொள்வாள். காலையில் வைத்தது மாலைவரை இருக்கும். இருபது வருஷம் அந்தக் கன்னம் பொறுத்தது. 1969 தையில் உள்ளே புண் வந்தது. எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை.

அப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வாய்ப்புற்றுக்கு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கரண்டு என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு மட்டும் வைத்தால் போதுமா, அதற்கு முன்னால் ஓர் ஊசியும் போட்டால் நல்லதா என்பதுதான் கேள்வி. யாருக்கு எது என்பதை டாக்டர்கூடத் தீர்மானிக்கக் கூடாதாம். ஒட்டிய உறையைப் பிரித்தால் உள்ளே எழுதியிருக்கும். டாக்டர் அகிலாண்டேஸ்வரி தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "ரெண்டுல எது நல்லதுன்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சுக்கத்தான் இது. உங்களுக்குச் சம்மதமா?"

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன். பிரிங்க தாயி."

உள்ளே 'ஊசி' என்று இருந்தது.

ஊசி முடிந்து ஆறு வாரம் கரண்டு. கனத்த கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். மிஷின் மெல்ல முனகும். சூடில்லை, வலியில்லை. கண்ணை மூடினால் கட்டிலே கண்மாய்த் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். செத்துப்போன அம்மா கரையில் நின்று தலை துவட்டுவாள். முத்தழகுக்கு அந்த அறையில் பயமே வரவில்லை. புண் ஆறியது, கூடவே நாக்கின் ருசியும் போனது.

ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ரெண்டு மாசத்துக்கு ஒரு கடிதம் போடுவோம். வந்ததும் வரணும். கழுத்துல கட்டி வந்தா, சின்னதா இருக்கும்போதே எடுத்துடலாம். பெரிசாயிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

முதல் கடிதத்தைத் தபால்காரர் தண்டாயுதபாணி கண்மாய்க்கரையில் வைத்தே கோட்டைச்சாமியிடம் கொடுத்தார். உறையில் அவன் மதுரையில் பார்த்த ஆஸ்பத்திரி முத்திரை, மூலையில் பட்டையாகக் கருப்பு மை. அது சாவுக் கடுதாசிக்கு அடையாளம். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியிலேயே படித்துக் கிழித்துவிட்டுத் தலை முழுக வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் சாக வேண்டியவள் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்க, சாவுச் செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் என்ன அர்த்தம்? அவனுக்கு எழுத்து தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லவும் பயம். பிழைக்க மாட்டாள் என்றுதான் எழுதியிருக்கும் என்று அவனே முடிவு கட்டினான். படிக்காவிட்டால் நடக்காது என்று ஒரு நம்பிக்கை. கிறுக்கு நம்பிக்கைதான், பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கிழித்துத் தண்ணீரில் விட்டுவிட்டு முங்கி எழுந்தான்.

"என்ன, இந்நேரத்துல தலைய நனைச்சுக்கிட்டு வாரீக?"

"வெயிலு" என்றான்.

இரண்டாவது கடிதத்துக்கும் அதே கண்மாய், அதே முழுக்கு.

முத்தழகோ கடிதம் வராததையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். டாக்டர் மறந்துவிட்டார் என்றால் நோயும் மறந்துவிட்டது என்று கணக்கு. மத்தியானமெல்லாம் கனவில் பலகாரம் தின்று திரிந்தாள். ஐந்தாம் மாதம் தாடைக்குக் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கூப்பிடட்டும், போவோம் என்று சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பொய்கள் குடித்தனம் நடத்தின.

மூன்றாவது கடிதம் வந்த அன்று கோட்டைச்சாமி அவளுக்காக வேண்டிக்கொள்ளப் பிள்ளையார்பட்டி போயிருந்தான். தண்டாயுதபாணி தெருவிலேயே நின்றுகொண்டார். "ஆத்தா, வெளிய வாங்க. கெட்ட கடுதாசி. ஒங்க பேருக்குத்தான் வந்திருக்கு."

"படிங்க. செத்தது யாருன்னு தெரிய வேணாமா?"

அவர் உறையைப் பிரித்து வாசித்தார். 'இரண்டு கடிதம் எழுதியும் நீங்கள் வரவில்லை. கழுத்தில் கட்டி இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.' வாசித்துவிட்டு அவரே திகைத்து நின்றார். "அந்த ரெண்டையும் ஒங்க வீட்டுக்காரர் கையிலதானத்தா குடுத்தேன்."

திருநீற்றோடு திரும்பி வந்த புருஷனின் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள் முத்தழகு. அவன் தொட்ட மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போயிருவன்னு பயந்துதான் ஆத்தா கிழிச்சேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளுக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பாள். அவன் அழுத அழுகையில் கை எழவில்லை. "யார்கிட்டயும் சொல்லிராதத்தா" என்று மட்டும் கெஞ்சினான். சரியென்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மதுரை. அவளைக் கண்டதும் டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தார். "நீங்க இறந்துட்டீங்கன்னு நெனச்சேன்! ஊசி போட்டவங்க இருபத்து மூணு பேர்ல பதினேழு பேர் திரும்பி வரல. இந்த ஊசிதான் கொல்லுதுன்னு, நிறுத்தச் சொல்லி எழுதிக்கிட்டிருக்கேன்."

மேசையில் அனுப்ப வேண்டிய உறைகள் அடுக்கியிருந்தன. கரண்டு மட்டும் வைத்தவர்களுக்கு வெள்ளை உறை, ஊசியும் போட்டவர்களுக்குக் கருப்பு மூலை. பிரித்தறிய வசதியாக வடக்கே அச்சடித்து அனுப்பியது.

"இத எவன் தாயி வீட்டுக்குள்ள விடுவான்?" என்று முத்தழகு விளக்கமாகச் சொன்னாள். டாக்டர் அடுக்கிலிருந்து கருப்பு மூலை உறை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குமாஸ்தா குமரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மேலிடத்து உறையாயிற்றே என்று வாய் திறக்காமல், ஒவ்வொரு முறையும் தபாலில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர்.

கட்டியை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்தின் ஆழத்தில் முத்தழகு ஓர் ஆற்றையே பாகாகக் காய்ச்சினாள். கம்பிப் பதம் வரும்போது விழித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக, வராத மற்றப் பதினாறு பேருக்கும் போகிற வெள்ளை உறைகளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். கோட்டைச்சாமி குழைத்துக் கொடுத்தான்.

இருபது நாளில் ஒன்பது பேர் வந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் வாசலுக்கே போய் அழைத்துவந்தார். ஒன்பதாவதாக வந்தவன் திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து மலையாண்டி. முப்பது வயது. கழுத்தில் கைமுட்டி அளவுக்குக் கட்டி. டாக்டர் வெகுநேரம் தடவிப் பார்த்தார். கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் அம்மா கருப்பி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "கருப்பு மையப் பாத்துக் கிழிச்சுப் போட்டேன். எம்புள்ள சாவ எங்கையால வீட்டுக்குள்ள கொண்டு போவேனா?"

முத்தழகு கட்டிலில் இருந்தபடி கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீர்ச் செம்போடு வந்த கோட்டைச்சாமி அங்கேயே நின்றான். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கிழவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நானும் ரெண்டு கிழிச்சேன் ஆத்தா."

கருப்பி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "ஒன் ஆளு எங்கப்பா?" என்று கேட்டாள்.

இருக்கிறாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.