சத்தம் இல்லாத உப்பளம்

எங்கள் வீட்டில் ‘மல்டிமீடியா’ என்ற சொல்லை அப்பா ஒரு வசவாகவே பயன்படுத்தி வந்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்தப் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் எங்கள் வீட்டில்தான் இருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட, “எங்க அந்த மல்டிமீடியா? வந்து பாக்கச் சொல்லு” என்பார் அப்பா. தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு, பொட்டலம் மடிக்க உதவாத படிப்பு படிப்பாகவே தோன்றவில்லை. கடைசியில் ஒரு கெடு வைத்தார். வருகிற திங்கட்கிழமை மாமா விளாத்திகுளம் போய், அப்பாவின் சிநேகிதர் நடத்தும் மிளகாய் வற்றல் மண்டியில் வேலைக்குச் சேர வேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. நான் அப்போது எட்டாம் வகுப்பு. நம் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் ஓடும் ஒரு மல்டிமீடியா செய்து காட்ட வேண்டும். எழுத்து, படம், ஒலி, காணொளி, அசைவூட்டம் என்று ஐந்தும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் போட்டியை விட்டு வெளியே. நான் ஜெயித்துவிட்டால் அப்பா வாயடைத்துப் போவார், மாமாவும் போக வேண்டியிருக்காது என்று மனக்கோட்டை கட்டினேன். மாமா இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

உப்பளத்தை எடுப்பது என்று முடிவு செய்தோம். முதல் நாள் உச்சி வெயிலில் எடுத்த காணொளியில் உப்பு மட்டும் பளபளவென்று இருந்தது, ஆட்கள் எல்லாரும் கரிக்கட்டை. வெயில் சாய்ந்த பிறகு மறுபடி போய் எடுத்தோம். ஒலிதான் பெரும்பாடு. கடற்காற்று மைக்குக்குள் புகுந்து உப்பு வாரும் சத்தத்தை விழுங்கிவிட்டது. மாமா அந்த ஒலியை அப்படியே நீக்கிவிட்டு, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் கல்லுப்பைப் பரப்பி என்னை மர ஸ்கேலால் இழுக்கச் சொன்னார். பதிவு செய்து கேட்டால் அசல் உப்பளம்! பிறகு, ஒரு துளித் தண்ணீர் உப்புக்கல்லாக மாறுவதை நாற்பது படங்களாக வரைந்து ஓடவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்ற உட்கார்ந்தோம். அம்மா கடிகாரத்தைப் பார்த்தபடியே வாசற்படியில் நின்றாள்.

“பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள எடுத்து வச்சிரு, சொல்லிட்டேன்.”

“கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா ராகு காலம்?”

“புள்ளைக்கு உண்டுல்லா!”

எங்கள் கணினி ஆடி அசைந்து வேலை செய்கிற ரகம். திரையில் பச்சைக் கோடு கடைசி வரைக்கும் வந்ததுபோலத்தான் இருந்தது. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாமா பென்டிரைவைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, திருநீறு பூசி, என் பையில் போட்டாள்.

மதியம் அரங்கில் என் முறை வந்தது. காட்சிக்கு வைப்பதற்காக ஒரு தட்டு நிறைய உப்பும் கொண்டுபோயிருந்தேன். விளக்கை அணைத்தார்கள். எழுத்து வந்தது, படம் வந்தது. காணொளியில் ஒரு பெண் பலகையால் உப்பை வாரினாள், சத்தமே இல்லை. ஒலிக் கோப்பு மட்டும் ஏறாமலே போயிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு நடுவர் பேனாவை எடுப்பதைப் பார்த்தேன்.

அப்போது கடைசி வரிசையில், வாசல் வழியே விழுந்த வெளிச்சத்தில், மாமா எழுந்து நின்றார். கையால் எதையோ இழுப்பதுபோல் காட்டினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. மைக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து உப்பில் இழுத்தேன். அரங்கம் முழுக்க உப்பளம் கரகரத்தது! மாமாவின் கை உயர்ந்தால் சத்தத்தைக் கூட்டினேன், தாழ்ந்தால் குறைத்தேன். காட்சி மாறும் நொடியில் அவர் விரலைச் சொடுக்குவார், நான் நிறுத்துவேன். பேச வேண்டிய வரிகள் எனக்கு மனப்பாடம், அவற்றையும் மைக்கில் சொன்னேன். விளக்கு எரிந்தபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நடுவர்களில் ஒருவர் உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேம்மா. அளத்துக்குள்ள நிக்க மாதிரியே இருந்துச்சு. யாரு சொல்லித் தந்தா?” என்று கேட்டார். யாராவது உதவியதாகச் சொன்னால் பரிசு கிடையாது என்று டீச்சர் மிரட்டி வைத்திருந்தார். “நானேதான் சார்” என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல். முதல் பரிசு எனக்குத்தான். என் முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பை.

அன்று கடையைச் சாத்திவிட்டு அப்பாவும் வந்திருந்தார். பஸ் ஏறும்போது மாமாவிடம், “ஏலே, திங்கக்கிழம நீ விளாத்திகுளம் போவாண்டாம். அங்கன வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லுதேன்” என்றார். நான் கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி குதித்தேன். நான்தானே மாமாவைக் காப்பாற்றினேன்! வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். மாமாவும் ஒருநாளும் மறுக்கவில்லை. “ஆமாளா, ஒன் கப்புதான்” என்று சிரிப்பார்.

போன வருடம் மாமா தன் இரண்டாவது ஸ்டுடியோவைத் திறந்தார். அங்கேயும் நான் அந்தக் கோப்பைக் கதையை ஆரம்பிக்க, அப்பா இடைமறித்தார்.

“நீ என்ன செஞ்சேன்னே நான் பாக்கலட்டி. நான் இவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு, கையி மட்டும் ஒரு நொடி தப்பாம ஆடுது. வேலக்காரன் மொகம் எனக்குத் தெரியாதா?”

அது உண்மைதான். அன்று மேடையிலிருந்து பார்த்தபோது அப்பா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் தோற்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் திரும்பிக்கொண்டார் என்று நினைத்து, எப்படியாவது அவரை என் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று ஸ்கேலை இன்னும் அழுத்தி அழுத்தி இழுத்தேன்.