வாடைக் காற்று அடித்த இரண்டு நாள்

தீபாவளி முடிந்தால் திருப்பூரில் பாதிக் கம்பெனிகள் பத்து நாளைக்கு ஓய்ந்துவிடும். அந்த வருஷம் என் கணவர் வேலை பார்த்த இடத்தில் பத்து நாள் இருபது நாளாகியும் அயர்ன் செக்‌ஷனைத் திறக்கவில்லை. ராயபுரத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறையின் ஜன்னலில் நின்று அவர் காலையிலிருந்தே மேகம் பார்ப்பார். இங்கே மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் கடலில் வளர்ந்த மனுஷர். எங்கள் ஊர் வளைகுடாக் கடலில் மீன்பாடு குறைந்துபோன பிறகுதான் ராமநாதபுரம் கரையை விட்டு இங்கே வந்திருந்தோம். நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஊரிலிருந்து நாத்தனார் என்னைக் கூப்பிட்டாள்.

“மதினி, ஆத்து வெள்ளம் எறங்கி கடலு கலங்கலா கெடக்கு. இறால் நல்லாப் படுதாம். பெரியண்ணன் வள்ளத்துல ஒரு ஆளு கொறையுது.”

எங்கள் வளைகுடாவில் தண்ணீரின் குணம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். தண்ணீர் தெளிந்து கிடந்தால் மீன் வலையைப் பார்த்து விலகிவிடும். மழைத் தண்ணீர் இறங்கி அளவாகக் கலங்கினால் இறால் கரைப்பக்கம் வரும். அளவு மீறினால் வலை முழுக்கக் குப்பையும் கோரையும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். ஜன்னலில் நிற்கும் அவர் முதுகைப் பார்த்துப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியிருந்தது. மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

முதல் மூன்று நாளும் கரைக்கு வந்ததும் போன் செய்தார். குரலே மாறியிருந்தது. நாலாம் நாள் பதினொரு மணிக்குள் வர வேண்டிய போன் வரவில்லை. ஒரு மணிக்கு நானே கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

“வள்ளம் இன்னும் வரல மதினி. காலையில திடீர்னு வாடை ஏறிருச்சு. ஆனா பயப்படாதீக, கடலு தட்டாத்தான் கெடக்கு.”

அவள் ஆறுதலுக்குச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் கரை தெற்கே பார்த்தது. வாடை வடக்கிலிருந்து, நிலத்துப் பக்கமிருந்து வீசும். கரையோரம் அலையே இருக்காது. ஆனால் என்ஜின் நின்றுபோன வள்ளத்தை அது ஒரே மூச்சாக வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

பீஸைப் பிரித்து வைத்துக்கொண்டு துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். சூப்பர்வைசர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். அவர் உள்ளூர்க்காரர், பெருமாநல்லூர்ப் பக்கம் தோட்டம் காடு உள்ள குடும்பம்.

“ஏங்கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?”

“அவுக கடலுக்குப் போனாக. இன்னும் வரலக்கா. காத்து மாறிருச்சாம்.”

“மழ பேஞ்சா மீனு நெறையக் கெடைக்கும்னு நீதான சொன்ன?”

“மழை ஒண்ணும் செய்யாதுக்கா. காத்துதான்.”

அவருக்கு அது முழுசாகப் புரிந்திருக்காது. ஆனாலும் டேபிளில் போன் வைக்கக் கூடாது என்ற கம்பெனியில், என் போனை எடுத்துச் சார்ஜில் போட்டு என் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போனார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்தது. ஒரு இலை அசையவில்லை. அங்கே அடிக்கிற காற்று இங்கே தெரியாமல் இருப்பதே எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் வரை செய்தி இல்லை. தேடிப்போன இரண்டு வள்ளங்களும் வெறுமனே திரும்பின. ஊருக்குப் பஸ் ஏறலாம் என்று பையை எடுத்தேன். வழியில் சிக்னல் போன நேரம் பார்த்துப் போன் வந்துவிட்டால் என்று பயந்து திரும்பக் கீழே வைத்தேன். நான்தான் சொன்னேன், நான்தான் அனுப்பினேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. ஜெபமாலையை எடுத்தேன், பாதியில் எண்ணிக்கை தவறியது.

விடிந்ததும் அறையில் இருக்க முடியாமல் கம்பெனிக்கே போனேன். ஒன்பதரை மணிக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. அக்காதான் எடுத்து என் காதில் வைத்தார்.

“கரைக்கு வந்துட்டோம்” என்றார் அவர். தொண்டை கட்டியிருந்தது. “வெள்ளத்துல வந்த கோரை விசிறியில சுத்தி என்ஜின் நின்னுபோச்சு. காத்து தள்ளி தீவுக்குப் பின்னால கொண்டுபோயிருச்சு. அங்க ஆழம் கம்மி, நங்கூரம் புடிச்சுக்கிச்சு. காத்து அடங்குறவரை கெடந்தோம். நீ சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

“தண்ணி இன்னும் கலங்கலாத்தான் இருக்கு. விசிறியச் சரிபண்ணிட்டா நாளைக்கும் இறால் படும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அக்கா கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டேன். “எங்க கம்பெனியில அயர்னுக்கு ஆள் வேணுமாம். திங்கக்கிழம உங்கள வரச் சொல்லிட்டாக” என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் அக்கா நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார்.

“திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துறச் சொல்லு கண்ணு. மொதல்ல நீ போயிச் சோறுண்ணு.”

திங்கட்கிழமை என் கணவர் வந்தார். வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த காயத்தோடு அயர்ன் பாக்ஸைப் பிடித்தார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கரையில் வைத்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“தெரியும். வேலைக்குச் சேந்த அன்னைக்கே அங்க சொல்லிட்டாங்க.”

“கோவமில்லையா?”

ஒரு கொத்துப் பாசியைப் பிய்த்து எறிந்தார். “நான் பஸ் ஏறுன மறுநாளு அண்ணனுக்கு நல்ல இறால்” என்றார். அவ்வளவுதான். கோபமா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.