கிழக்குத் தாம்பரத்தில் கிழக்கு எந்தப் பக்கம்?

மாணவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் இரண்டு பேர், தாம்பரம் வழியாகப் பள்ளிக்கரணைக்கு நான் போன பாதையைக் கேட்டிருந்தார்கள். நான் போனது 1999 ஜூலையில், ஒரு சனிக்கிழமை. அன்றைய கட்டணம் இன்று உதவாது. பாதை அதேதான். நான் செய்த தப்பும் இன்றைக்கும் யாரும் செய்யக்கூடியதுதான்.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நடப்பதை நாமே கவனித்து, குறித்து, ஆராயலாம் என்று ஒரு பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிறுக்குப் பிடித்த ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தோம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படிப்போம். அதில் என் முதல் அறிக்கையைப் பெருமையோடு அனுப்பினேன். 'உன் வீட்டுக்குக் கிழக்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் தப்பாக எழுதியிருக்கிறார்கள், கவனக்குறைவே காரணம், இவர்களைத் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்பது சாரம். பள்ளியில் கொடுத்த பிரதியைத் தலைமையாசிரியை படித்துவிட்டு, திங்கட்கிழமையே பத்தொன்பது பேரையும் படிப்பில் பின்தங்கியவர்களுக்கான 'சி' பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். எங்கள் பள்ளியில் 'சி'க்குப் போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை குழுவில் நாகர்கோவில் ஆசிரியர் ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். "ஏன் அப்படி எழுதுனீங்கன்னு பிள்ளைகள்ட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை. முகம் பார்த்திராத அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. சமைக்கும்போதும் அதே வரி, துணி மடிக்கும்போதும் அதே வரி. ஸ்டெல்லா என்ற பெண் 'என் வீடே கிழக்குதான்' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓய்வறையில் படித்துக் காட்டிச் சிரித்தவள் நான். அவளிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பள்ளி ஆய்வகத்தில் இரவல் வாங்கிய திசைகாட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முடிச்சூர் வீட்டிலிருந்து காலை 8.10க்குக் கிளம்பினேன். தாம்பரம் நான்கு கிலோமீட்டர், 8.35க்கு இறங்கினேன். ஸ்டெல்லா வீடு இருக்கும் பள்ளிக்கரணைக்கு பஸ் எங்கே நிற்கும் என்று ஆட்டோக்காரர் ஒருவரைக் கேட்டேன்.

"அது ஈஸ்ட்டு, அக்கா. நீ வெஸ்ட்ல நின்னுகினு கீற. பாலம் ஏறி அந்தாண்ட போ."

சரி என்று தலையாட்டிவிட்டுப் பாலம் ஏறினேன். விடை அங்கேயே கிடைத்துவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

பஸ் 9.05க்கு. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சுமார் பதினான்கு கிலோமீட்டர். மேடவாக்கம் வரை உட்கார இடமில்லை. எனக்கும் உட்காரும் மனநிலை இல்லை. நிமிடத்துக்கொரு தரம் திசைகாட்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, வாட்ச்சு ஓடவே மாட்டேங்குதா?" என்றார்.

ஸ்டெல்லா குடும்பம் ஜூனில்தான் மேற்குத் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைக்கு வீடு மாறியிருந்தது. பள்ளியை மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் அம்மா பதறிவிட்டார்.

"இன்னா டீச்சரே, பொண்ணு எதுனா தப்பு பண்ணிச்சா?"

"இல்லம்மா, ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

வாசலில் நின்று, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். யோசிக்காமல் சதுப்பு நிலத்துக் கோரைப் புற்கள் பக்கம் கையை நீட்டினாள். சரியான திசை.

"அப்போ கிழக்கு எங்க?"

"இதான் மிஸ்" என்று காலடியைக் காட்டினாள். "ஸ்டேஷனுக்கு அந்தாண்ட வெஸ்ட்டு, இந்தாண்ட ஈஸ்ட்டு. போன மாசம்தான் நாங்க கிழக்குக்கு வந்தோம். இங்க எல்லாப் பக்கமும் கிழக்குதான் மிஸ்."

மற்ற பதினெட்டு விடைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. 'தண்டவாளம்.' 'டிக்கெட் கவுண்டர்.' 'பாலம் ஏறணும்.' எல்லாம் யோசித்து எழுதிய பதில்கள். பிள்ளைகளுக்குக் கிழக்கு என்பது பிறந்ததிலிருந்து ஓர் இடத்தின் பெயர். நான் அதைத் திசை என்று ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. திசைகாட்டியை அவள் கையில் கொடுத்து, பத்து நிமிடம் தெருவில் நடந்தோம். திடீரென்று நின்றாள்.

"மிஸ், அப்போ கிழக்குத் தாம்பரத்துக்கும் ஒரு கிழக்கு கீதா?"

பதினைந்து வருடம் பாடம் நடத்தியதில் இப்படியொரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

திரும்பித் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் இரண்டாவது நிலையமான குரோம்பேட்டையில் 2.20க்கு இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டு பிரவுசிங் சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய். மூன்று முறை லைன் அறுந்தது. ஒவ்வொரு முறையும், அனுப்பாமலே போய்விடலாமா என்று மனசு அலைந்தது. குழுவில் எல்லோரும் பாராட்டிய அறிக்கை அது. 4.05க்கு ஒருவழியாகப் போனது: 'என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். தப்பு கேள்வியில் இருந்தது.' ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கதையைக் கேட்ட என் கணவர், "அந்தத் திசைகாட்டியைக் கொடு, நம்ம வாசல்ல வச்சுப் பார்ப்போம்" என்றார். கிழக்கு பார்த்த மனை என்று தேடி வாங்கிய வீடு. முள்ளை வைத்துப் பார்த்தால் வாசல் தெற்கே பார்த்திருந்தது. இரும்புக் கேட்டின் கோளாறு என்று தள்ளி வைத்தோம், அப்போதும் தெற்கு. வாசல் ரோடு நேராக ஸ்டேஷன் பக்கம் போகிறது, அதனால் கிழக்கு என்று புரோக்கர் சொன்னதை நம்பி எட்டு வருடம் குடியிருந்திருக்கிறோம். காலை வெயில் வாசலுக்கு வராததற்கு எதிர்வீட்டு மாடியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஒன்பதுக்குள் தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள். போகும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள், டீச்சர் வந்தால் எந்த வீடும் பதறும். விடைத்தாளைக் கொண்டுபோங்கள், சிவப்பு மையை வீட்டில் வையுங்கள். முக்கியமாக, அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் போங்கள்.

திங்கட்கிழமை, அச்செடுத்த கடிதத்தோடு வாசல் கதையையும் தலைமையாசிரியையிடம் ஒளிக்காமல் சொன்னேன். பத்தொன்பது பெயர் இருந்த தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளைங்க இருந்த இடத்துலயே இருக்கட்டும். இருபதாவது ஆள் மட்டும் திசைகாட்டியை லேப்ல திருப்பிக் கொடுக்காம இன்னும் ஒரு வாரம் வச்சுக்கட்டும்" என்றார்.